கற்றல் பாணியை அறிந்த பின்னரும் புள்ளி ஏறவில்லையே, ஏன்?

வெள்ளவத்தை உயிரியல்காரி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்மொழி மூலம் உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவையாக உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு வழிகாட்டல் கருத்தரங்கில் எங்கள் எல்லோருக்கும் ஒரு வினாக்கொத்தைத் தந்து, ஒவ்வொருவரும் எந்த வகையில் கற்பவர் என்று பார்த்தார்கள். எனக்குக் ‘காட்சிவழிக் கற்பவர்’ என்று வந்தது. கூடவே செய்த ஆளுமைச் சோதனையில் ‘அகமுகி’, அதாவது தனிமையை விரும்புபவர், என்று வந்தது. ஆகவே நிறப்பேனைகளால் குறிப்பெழுத வேண்டும், மனவரைபடம் வரைய வேண்டும், காணொளி பார்க்க வேண்டும், மற்றவர்களுடன் சேராமல் தனியே படிக்க வேண்டும் என்று ஆலோசனை சொன்னார்கள்.

சொன்னபடியே செய்தேன். என் கொப்பியைக் கண்டவர்கள் எல்லோரும் இரவல் கேட்கிறார்கள். பல்தேர்வு வினாக்களில் ஓரளவு பரவாயில்லை. ஆனால் அமைப்புக் கட்டுரையிலும் கட்டுரையிலும் முன்பு எடுத்த புள்ளியிலேயே நிற்கிறேன். படிக்கும்போது எல்லாம் விளங்குகிறது, வினாத்தாளைக் கண்டதும் பாதி வசனத்தில் நின்றுவிடுகிறது. என் வகையை இன்னும் நுட்பமாக அறிந்து அதற்கேற்ற முறையைத் தேட வேண்டுமா, அல்லது அந்தச் சோதனையே பிழையா? அனுபவமுள்ள அண்ணாமார், அக்காமார், ஆசிரியர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

உளவியல் இறுதியாண்டு

தங்கச்சி, சோதனை உங்கள் விருப்பத்தைச் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். படம் பார்த்துப் படிப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் பிடிக்கும்தான், அதில் தர்க்கிக்க ஒன்றும் இல்லை. அந்த விருப்பத்துக்கு ஏற்றபடி படித்தால் பாடம் கூடுதலாக மனதில் நிற்கும் என்று அடுத்ததாகச் சொல்கிறார்களே, அந்தப் படிதான் இன்றுவரை நிறுவப்படாமல் கிடக்கிறது.

நீங்கள் நிரப்பியது அநேகமாக ‘வார்க்’ வினாக்கொத்தாகவோ அதன் பிரதியாகவோ இருக்க வேண்டும். நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நீல் பிளெமிங் அதை உருவாக்கினார். பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்து பார்த்தல் என்று அது மனிதர்களை நான்காகப் பிரிக்கிறது. இப்படிப் பிரிக்கும் மாதிரிகள் ஒன்றிரண்டல்ல. பிரித்தானியாவில் கொஃபீல்டும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட மீளாய்வில் 71 மாதிரிகளை எண்ணிக் காட்டினார்கள்.

2008இல் பாஷ்லர், மக்டானியல், ரோரர், பியோர்க் ஆகிய உளவியலாளர் நால்வர், இந்தக் கருத்து உண்மையென்றால் அதற்கு எத்தகைய சான்று வேண்டும் என்று முதலில் வரையறுத்தார்கள். காட்சிவழிக்காரரில் பாதிப்பேருக்குப் படத்தாலும் மீதிப்பேருக்குப் பேச்சாலும் கற்பிக்க வேண்டும். கேள்விவழிக்காரருக்கும், அதாவது காதால் கேட்டுக் கற்பவர்களுக்கும், அவ்வாறே செய்ய வேண்டும். பின்னர் எல்லோருக்கும் ஒரே பரீட்சையை வைத்து, முன்னவர்கள் படத்தாலும் பின்னவர்கள் பேச்சாலும் மேலோங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்த வரையறைக்குள் வரும் ஆய்வுகளே மிகக் குறைவு என்றும், வந்தவற்றிலும் சில நேர்மாறான முடிவைக் காட்டின என்றும் அவர்கள் எழுதினார்கள். பின்னர் அமெரிக்காவின் இந்தியானாவில் உடற்கூற்றியல் மாணவரை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவர்கள் தம் ‘வகை’ப்படி படிக்கவே இல்லை, படித்தவர்களும் அதனால் கூடுதல் புள்ளி பெறவில்லை.

இன்னுமொன்று. எந்தப் புலன் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடப்பொருளே தீர்மானித்துவிடுகிறது. இதயத்தின் அமைப்பைப் படமில்லாமல் யாரும் படிக்க முடியாது; பிறமொழி உச்சரிப்பைக் காதில்லாமல் யாரும் பழக முடியாது.

கொட்டாஞ்சேனைக் கணக்கியல்

அக்கா சொல்வதை மரியாதையுடன் மறுக்கிறேன். நான் வேலை செய்துகொண்டே தொழில்சார் கணக்கியல் பரீட்சைகள் எழுதுபவன். வரிச் சட்டத்தைப் புத்தகத்தில் வாசித்தால் இரண்டாம் பக்கத்திலேயே தூக்கம் வந்துவிடும். அதையே என் குரலில் கைபேசியில் பதிந்து, காலையும் மாலையும் பஸ்ஸில் கேட்டுக் கேட்டுத்தான் சித்தியடைந்தேன். எனக்குக் கேட்டால்தான் ஏறும். ஆய்வுகூடத்தில் யாரோ பிள்ளைகளை வைத்துச் செய்த பரிசோதனைக்காக, என் காதுக்குத் தெரிந்த உண்மையை நான் கைவிடுவதா?

உளவியல் இறுதியாண்டு

கைவிட வேண்டாம் அண்ணா, அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். ஆனால் அது ஏன் வேலை செய்தது என்று சற்றுப் பிரித்துப் பார்ப்போம். பதிவு செய்வதற்கு முன் சட்டப் பிரிவைச் சொந்த வசனத்தில் சுருக்கியிருப்பீர்கள். ஒரே இரவில் அல்லாமல் பல நாள்களில் இடைவெளி விட்டுக் கேட்டிருக்கிறீர்கள். வீதி நெரிசலில் வீணாகிப் போயிருக்கும் நேரத்தைப் படிப்பு நேரமாக்கியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் யாருக்கும் பயன் தரக்கூடியவை. இடைவெளி விட்டு மீட்டுவதன் பலனை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே, தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளைப் பாடமாக்கிப் பதிவு செய்திருக்கிறார்.

இழையைத் தொடங்கிய தங்கச்சியின் சிக்கல் வேறு என்று நினைக்கிறேன். ‘படிக்கும்போது விளங்குகிறது, எழுதும்போது நிற்கிறது’ என்ற வாக்கியத்தைக் கண்டதும் ரோடிகர், கார்பிக்கி ஆகியோரின் 2006ஆம் ஆண்டுப் பரிசோதனைதான் நினைவுக்கு வந்தது. ஒரு பிரிவினர் ஒரு பந்தியை நான்கு அமர்வுகளிலும் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஓர் அமர்வில் வாசித்துவிட்டு, மீதி மூன்றிலும் வெறுந்தாளில் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடங்களில் சோதித்தபோது வாசித்தவர்கள் 83 வீதத்தையும் எழுதியவர்கள் 71 வீதத்தையும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது வாசித்தவர்கள் 40 வீதத்துக்கு இறங்கிவிட, எழுதியவர்கள் 61 வீதத்தில் நின்றார்கள். தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியிருந்தவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்.

நிறப்பேனைக் கொப்பியைப் பார்க்கும்போது வரும் ‘தெரியும்’ என்ற உணர்வும் அத்தகையதே. தாளில் இருப்பதைக் கண் அடையாளம் காண்கிறது. பல்தேர்வில் விடை எதிரே அச்சிடப்பட்டிருப்பதால் அந்த அடையாளம் ஓரளவு கைகொடுக்கும். கட்டுரை வினாவில் எதிரே இருப்பது வெற்றுத்தாள் மட்டுமே.

ஓய்வுபெற்ற பௌதிகவியல்

நீண்டகாலம் உயர்தர வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் இரண்டு சொல் சொல்ல அனுமதியுங்கள். தன்னை அறிவது என்றால் தன் வகையின் பெயரை அறிவது என்று இப்பொழுது ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் அறிந்து வைத்திருந்தது வேறொன்றை: தமக்கு எது தெரியும், எது தெரிந்ததுபோல் இருக்கிறது என்ற பேதத்தை. அதை அறிய வினாக்கொத்து வேண்டாம், கடந்தகால வினாத்தாளும் ஒரு பென்சிலும் போதும்.

நான் வகுப்பில் செய்வித்த முறையைச் சொல்கிறேன். பல்தேர்வு 50 வினாக்களையும் இரண்டு மணித்தியாலத்தில் செய்யும்போது, ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு குறி இடச் சொல்வேன். உறுதியாகத் தெரிந்தால் சரி அடையாளம், இரண்டு தெரிவுகளுக்கிடையே தடுமாறினால் கேள்விக்குறி, குருட்டாம்போக்கில் போட்டால் வட்டம். திருத்திய பின் மொத்தப் புள்ளியைப் பார்ப்பதற்கு முன், உறுதி என்று குறித்துப் பிழைத்தவற்றை மட்டும் வேறாக எழுத வேண்டும். வட்டமிட்டுப் பிழைத்தவற்றைப் பற்றி அவ்வளவு கவலையில்லை, அங்கே படிக்கவில்லை என்று பிள்ளைக்கே தெரியும். உறுதியாகப் பிழைத்த இடத்துக்குப் பிள்ளை ஒருபோதும் திரும்பிப் போகாது. ‘அந்த அலகு முடிந்துவிட்டது’ என்று நினைத்துக்கொண்டிருக்கும். புள்ளி கசிவது அந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கைக் காட்டுகிறேன். நூலில் தொங்கும் 1.99 கிலோகிராம் மரக்குற்றியில், 10 கிராம் துப்பாக்கிச் சன்னம் ஒன்று செக்கனுக்கு 400 மீற்றர் வேகத்தில் கிடையாக வந்து புதைகிறது. குற்றி எவ்வளவு உயரம் எழும்? சக்திக் காப்பு அலகை முடித்த கையோடு இதைக் கொடுத்தால், வகுப்பில் பெரும்பகுதி சன்னத்தின் இயக்கசக்தி 800 யூலை நேரே அழுத்தசக்திக்குச் சமப்படுத்தி, உயரம் 40 மீற்றர் என்று எழுதிவிடும். பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு ஒரு மரக்குற்றி பறக்கிறது, பிள்ளைக்குச் சந்தேகமே வராது! புதையும் கணத்தில் சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகவும் மரத்தைச் சிதைப்பதிலும் போய்விடுகிறது. அங்கே காக்கப்படுவது உந்தம், அதாவது திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது. உந்தக் காப்பின்படி இரண்டும் சேர்ந்து செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் புறப்படும். அதன் பிறகே சக்திக் காப்பைப் பிரயோகிக்கலாம். ஈர்வை ஆர்முடுகலை 10 என்று கொண்டால் விடை 20 சென்ரிமீற்றர்.

இந்தப் பிழைக்கும் பிள்ளை காட்சிவழியா கேள்விவழியா என்பதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அலகு அலகாகப் பயிற்சி செய்யும்போது எந்த விதியைப் பாவிக்க வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. பரீட்சைத் தாளில் தலைப்பு இல்லை. ஆகவே ஓர் அலகை முடித்த பின், பழைய அலகுகளின் கணக்குகளைக் கலந்து செய்ய வேண்டும். கலந்து செய்யும்போது பிழை கூடும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், ரியூசனில் இது விலை போகாது. ஆனால் ரோரர், டெய்லர் ஆகியோர் 2007இல் கணிதப் பயிற்சியை வைத்துக் காட்டியதும் இதுவே: பயிற்சியின்போது பின்தங்கிய கலவைக் குழுவே பின்னர் நடந்த சோதனையில் முன்னுக்கு நின்றது.

வெள்ளவத்தை உயிரியல்காரி

சேர், அக்கா, இருவருக்கும் நன்றி. நேற்று இரவு சிறுநீரகத்தியை (சிறுநீரகத்தில் இரத்தத்தை வடித்துச் சிறுநீரை உண்டாக்கும் நுண்ணிய அலகு) எடுத்துச் செய்து பார்த்தேன். என் கொப்பியில் அது ஐந்து நிறத்தில் இருக்கிறது. கொப்பியை மூடிவிட்டு வெறுந்தாளில் வரைந்தேன். போமனின் உறை, கலன்கோளம், அண்மை மடிந்த சிறுகுழாய், என்லேயின் தடம், சேய்மை மடிந்த சிறுகுழாய், சேர்க்கும் கான் என்று பெயர்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. தடத்தின் இறங்கு புயத்தில் என்ன நடக்கிறது, ஏறு புயத்தில் என்ன நடக்கிறது என்று அம்புக்குறி போடப் போனபோது கை நின்றுவிட்டது. இறங்கு புயத்தில் நீர் வெளியேறுகிறது, ஏறு புயம் நீரை விடாமல் உப்பை வெளியேற்றுகிறது என்று கொப்பியில் நீலத்திலும் செம்மஞ்சளிலும் எழுதியிருக்கிறேன்; எது நீலம் எது செம்மஞ்சள் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. கட்டுரையில் கேட்கப்படுவது அந்த இரண்டு அம்புகளைப் பற்றித்தான்.

அப்படியென்றால் படம் எனக்கு உதவாதா?

உளவியல் இறுதியாண்டு

நிச்சயமாக உதவும், எல்லோருக்கும் உதவும். சொல்லும் படமும் பொருத்தமாகச் சேரும்போது விளக்கம் கூடுகிறது என்பதற்குத் தாராளமாகச் சான்று உண்டு. பார்க்கும் படத்தை விட மூடிவிட்டு வரையும் படம் உங்களுக்குக் கூடுதலாகச் சொல்லித்தரும், அவ்வளவுதான். கொப்பியை எறிய வேண்டாம். வரைந்து முடிந்த பின் திருத்துவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். 2013இல் டன்லொஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு உத்திகளை ஒப்பிட்டபோது, தன்னைத் தானே சோதித்தலும் இடைவெளி விட்டு மீட்டலும் மேல் தரத்தில் வைக்கப்பட்டன. நிறமிடுதல், மீள வாசித்தல், சுருக்கம் எழுதுதல் ஆகியவை கீழ்த் தரத்துக்குப் போயின.

தெஹிவளை அம்மா

உங்கள் எல்லோருடைய பதிவையும் ஆர்வமாக வாசித்தேன். என் மகன் சாதாரண தரம் எழுத இருக்கிறார். அவரைப் பொறுத்தவரை எப்படிப் படிப்பது என்பதற்கு முன், மேசையில் அமர்வதே பெரும்பாடு. சோம்பல் என்று அவருடைய அப்பா சொல்கிறார். இதுவும் ஆளுமையா, மாற்ற முடியாததா?

உளவியல் இறுதியாண்டு

அம்மா, ஆளுமை உண்மையில் படிப்போடு தொடர்புபடும் இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். மனிதர்களைப் பதினாறு ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் சோதனை, கத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியது. அது பரவலாகத் தெரிந்த அளவுக்கு ஆய்வாளரிடையே மதிப்புப் பெறவில்லை. பெரும்பாலான மனிதர்கள் அகமுகி, புறமுகி போன்ற இரு முனைகளுக்கும் இடையில்தான் நிற்கிறார்கள். நடுக்கோட்டுக்கு அருகில் நிற்பவர் சில வாரங்களில் மீண்டும் எழுதினால் மறுபக்கத்துக்குப் போய்விடக்கூடும். ஆய்வாளர் பெரிதும் பயன்படுத்துவது ஐந்து பண்புகளைக் கொண்ட மாதிரியை. அந்த ஐந்தில் பரீட்சைப் பெறுபேறோடு மிகத் தெளிவாகத் தொடர்புபடுவது, எடுத்த காரியத்தை ஒழுங்காகவும் பொறுப்பாகவும் முடிக்கும் பண்பு. பொரோபட் 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தத் தொடர்பு நுண்ணறிவின் செல்வாக்கைக் கழித்த பின்னரும் நிலைத்தது.

அந்தப் பண்பு குறைவாக உள்ள பிள்ளையிடம் ‘பொறுப்பாக இரு’ என்று சொல்வதால் பயன் இல்லை. அதற்குப் பதிலாகச் சூழலை மாற்றலாம். ‘இன்று படிப்பேன்’ என்று விடாமல், ‘இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பையைக் கழுவி வைத்ததும், இந்த மேசையில், இந்த வினாத்தாளின் முதல் இரண்டு வினாவைச் செய்வேன்’ என்று அவரே எழுதி ஒட்டட்டும். நேரமும் இடமும் முதற் செயலும் முன்கூட்டியே நிச்சயமானால், அந்த வேளையில் புதிதாக மனதைத் திரட்ட வேண்டிய தேவை குறைகிறது. கைபேசி இன்னோர் அறையில் இருக்கட்டும், மேசையில் கவிழ்த்து வைத்தால் போதாது.

ஒரேயொரு எச்சரிக்கை. மகன் வயதுக்கு மீறித் தடக்கித் தடக்கி வாசிக்கிறாரா, வாய்மொழியாகக் கேட்டால் அழகாகச் சொல்வதை எழுத்தில் கொட்ட முடியாமல் தவிக்கிறாரா என்றும் கவனியுங்கள். வாசிப்பு இடர்பாடு என்பது பாணியோ விருப்பமோ அல்ல. அது உரியவர்களால் பரிசோதிக்கப்பட வேண்டியது. அதைச் ‘செய்து பார்த்துக் கற்பவர்’ என்று பெயரிட்டுக் கடந்துபோனால் பிள்ளைக்குத்தான் நட்டம்.

பம்பலப்பிட்டி இராக்கோழி

இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான் எனக்கு மூளை விழிக்கிறது. இதையும் மூடநம்பிக்கை என்பீர்களா?

உளவியல் இறுதியாண்டு

இல்லை. காலையில் தெளிவாக இருப்பவர், இரவில் தெளிவாக இருப்பவர் என்ற வேறுபாட்டுக்கு உடலியல் அடிப்படை உண்டு. பதின்ம வயதில் அந்தக் கடிகாரம் பொதுவாகப் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. ஆனால் நீங்கள் எழுதப்போகும் பல வினாத்தாள்கள் காலையிலேயே தொடங்கும். கடைசி வாரங்களிலாவது முழு வினாத்தாளைக் காலையில் எழுதிப் பழகுங்கள். தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள், அன்று படித்தது நிலைபெறுவது அதில்தான்.

வெள்ளவத்தை உயிரியல்காரி

இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அகமுகி என்று வந்ததால், தோழியரோடு சேர்ந்து படிப்பதை நிறுத்திவிட்டேன். அது சரியா? மற்றது, கட்டுரை விடைகளைத் தனியே எழுதினால் யார் திருத்துவது?

ஓய்வுபெற்ற பௌதிகவியல்

பிள்ளை, ஆட்கள் கூடினால் களைப்பு வருகிறதென்றால் பத்துப்பேர் கூடும் இடத்துக்குப் போக வேண்டாம். ஆனால் ஒருவரிடம் விளக்கிச் சொல்லாமல் உங்கள் விளக்கத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியவராது. ஒரே ஒரு தோழியைத் தெரிவுசெய்துகொள்ளுங்கள். அவர் சிறுநீரகத்தியைக் கேட்க, நீங்கள் கொப்பியில்லாமல் சொல்லுங்கள்; அடுத்த நாள் மாறிச் செய்யுங்கள். வீட்டில் இடமில்லையென்றால், உங்களுக்குக் கிட்டவே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. அங்கே எழுதிவிட்டு, வெளியே வந்து கதைக்கலாம்.

திருத்துவதைப் பற்றி: பரீட்சைத் திணைக்களம் உயர்தரப் பாடங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கைகளைத் தமிழிலும் வெளியிடுகிறது. எதிர்பார்த்த விடை, புள்ளி வழங்கும் திட்டம், விடையளித்தவர்கள் பொதுவாக எங்கே தவறினார்கள் என்ற அவதானிப்பு ஆகியன அதில் உண்டு. மாணவர்கள் வினாத்தாளை வாங்குகிறார்கள், இதைத் திறந்தும் பார்ப்பதில்லை. முதலில் விடையை எழுதி, அறிக்கையில் புள்ளி வழங்கப்பட்டுள்ள ஒவ்வொரு கருத்துக்கும் உங்கள் விடையில் கோடிட்டுப் பாருங்கள். கோடு விழாத வசனங்கள் எத்தனை என்று கண்டால் திகைத்துப் போவீர்கள். அவை பெரும்பாலும் அழகான முன்னுரைகளாக இருக்கும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கியல்

இழையை முழுதாக வாசித்தேன். காதால் கேட்பது எனக்கு வசதி என்ற கருத்தில் மாற்றமில்லை. ஆனால் பதிவில் விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவதால், பஸ்ஸில் நான் தலையாட்டிக்கொண்டு மட்டும் வருகிறேன் என்பது உறைத்தது. அடுத்த பாடத்துக்கு வினாவை மட்டும் பதிந்து, சில விநாடி இடைவெளி விட்டு, அதன் பிறகு விடையைப் பதியப் போகிறேன். சேர், கணக்குப் பகுதிக்கும் இப்படிச் செய்யலாமா?

ஓய்வுபெற்ற பௌதிகவியல்

சட்டப் பிரிவுக்கும் வரைவிலக்கணங்களுக்கும் தாராளமாகச் செய்யலாம். கணக்குக்குச் சரிவராது தம்பி. அதற்கு மேசையும் தாளும் வேண்டும். பஸ்ஸில் வினாவைக் கேட்டு, எந்த முறையால் தொடங்குவது என்பதை மட்டும் மனதில் முடிவுசெய்து கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த முடிவு சரியா என்று செய்து பாருங்கள்.